ரசீதில் யார் பெயர்?

வாசகி கேட்கிறார்:

எனக்கு வயது 61. அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். என் ஓய்வூதியம், என் சேமிப்பு, அவர் விட்டுச் சென்றது எல்லாம் சேர்த்தால் என் காலத்துக்குப் போக மிஞ்சும். அதில் ஒரு பங்கைப் பெண் குழந்தைகளின் படிப்புக்குக் கொடுக்க ஆசை. மகன், "அப்பா கஷ்டப்பட்டுச் சேர்த்தது, அவசரப்படாதீங்கம்மா" என்கிறான். போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு முதன்முறையாகக் காசோலை கொடுத்தேன். ரசீது மகன் பெயரில் வந்தது! தோழிகள் 14 பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை பணம் போட்டு ஒரே இடத்துக்குக் கொடுக்கலாம் என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். தனியாகக் கொடுப்பதா, கூட்டாகவா? பெயர் சொல்லியா, சொல்லாமலா? ஏமாந்துபோகாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து யாருக்காவது ஃபீஸ் கட்டியதைத் தவிர, பெரிதாகக் கொடுத்துப் பழக்கமில்லாதவள் நான்.

ஆடிட்டர் பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடைசி வரியோடுதான் எனக்கு முதல் சண்டை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அடுத்தவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள். எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதவில்லை. எழுதவேண்டும் என்றே தோன்றியிருக்காது. அதை மொத்தமாகக் கழித்துவிட்டுப் "பழக்கமில்லாதவள்" என்கிறீர்கள். நோட்டில் ஏறாதது எல்லாம் நடக்காதது ஆகிவிடுமா? கணக்குப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நானே அப்படிச் சொல்ல மாட்டேன்.

இருபத்தாறு வருடமாக அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன். கொடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்கிறேன். இரண்டு பக்கத்து நோட்டையும் புரட்டியவள் என்பதால் ஒன்று சொல்ல முடியும்: பெண்களுக்குக் கொடுப்பது எந்தக் காலத்திலும் புதிதாக இருந்ததில்லை. எவ்வளவு, யாருக்கு என்று தானே முடிவு செய்து, தன் பெயரில் கையெழுத்துப் போடுவதுதான் புதிது. உங்கள் கேள்விகள் அத்தனையும் அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

ரசீதையே முதலில் எடுத்துக்கொள்வோம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நன்கொடை விவரத்தைச் சரிபார்க்க ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். "சார் இருக்காரா?" என்றேன். "செக்குல கையெழுத்துப் போட்டது நான். உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். காது சுட்டுவிட்டது. நானும் ஒரு பெண்தான், காசோலையின் நகல் என் மேஜையில்தான் கிடந்தது. இருந்தும் வாய் தானாக "சார்" என்றது.

நிறுவனங்களில் இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. நன்கொடையாளர் பட்டியலில் குடும்பத்துக்கு ஒரு வரி வைத்திருப்பார்கள். அந்த வரியில் எந்தப் போன் நம்பர் முதலில் ஏறியதோ அந்த ஆளின் பெயரே எல்லாத் தாளிலும் அச்சாகும். உங்கள் விஷயத்தில் மகன் எண்ணைத் தொடர்புக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதை அப்படியே விடாதீர்கள். மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம். வரிச் சலுகை பொதுவாகப் பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவருக்குத்தான். ரசீது வேறு பெயரில் இருந்தால் அவருக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் ஆதாரமில்லை. காசோலை எண், தேதி, தொகை எழுதி, பழைய ரசீதை ரத்து செய்து என் பெயரில் புதிய ரசீது தரவும் என்று நான்கு வரிக் கடிதம் போடுங்கள். அவர்கள் பட்டியலிலும் உங்கள் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். அடுத்து அவர்கள் போன் செய்யும்போது யாரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நிறுவனத்தைப் பற்றி முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பெயர் விஷயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் ரஸ்ஸல் சேஜ் என்றொரு பெரும் பணக்காரர் இருந்தார். கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். 1906இல் அவர் இறந்ததும் சொத்து மனைவி மார்கரெட் ஒலிவியா சேஜுக்கு வந்தது. அப்போது அந்த அம்மாள் எழுபதைத் தாண்டியவர். மறு வருடமே ஒரு கோடி டாலர் போட்டு, சமூக ஆய்வுக்கென்று ஓர் அறநிறுவனம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ரஸ்ஸல் சேஜ் ஃபவுண்டேஷன். இன்றும் அந்தப் பெயரில்தான் இயங்குகிறது. உயிரோடு இருந்தவரை கையை இறுக்கி மூடிவைத்திருந்தவர் வள்ளல் வரிசையில் சேர்ந்துவிட்டார், கையைத் திறந்தவரைத் தேடிப் படிக்கவேண்டியிருக்கிறது.

கேத்தரின் மெக்கார்மிக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1904இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) உயிரியல் பட்டம் பெற்றவர். கணவர் நீண்ட காலம் மனநோயால் அவதிப்பட்டு 1947இல் இறந்தார். 1953இல் கிரெகரி பிங்கஸ் என்ற விஞ்ஞானியை இவர் சந்தித்தார். கருத்தடை மாத்திரை ஆராய்ச்சி என்றால் அரசும் பெரிய நிறுவனங்களும் காத தூரம் ஓடிய காலம் அது. இவர் தன் பணத்தைக் கொட்டினார். மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். 1960இல் அந்த மாத்திரைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்கப் பெண்களின் வாழ்க்கையை மாற்றிய ஒரு மருந்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் காசோலைப் புத்தகம் இருந்தது. பிறகு, தான் படித்த எம்.ஐ.டி.யில் தங்க இடமில்லாததால் பெண்களை அதிகம் சேர்க்க முடியவில்லை என்று கண்டு, பெண்களுக்கு ஒரு விடுதி கட்டிக்கொடுத்தார். 1963இல் திறந்தார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? ஸ்டான்லி மெக்கார்மிக் ஹால். ஆமாம், கணவர் பெயர்தான்.

பழைய காலத்துப் பெண் கொடையாளர் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் விதவைகள், இல்லையென்றால் திருமணமாகாதவர்கள். காரணம் எளிது. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண்ணின் சொத்தில் பெரும்பகுதி கணவர் கைக்குத்தான் போகும். அவளுக்கென்று தனியாக வைக்கவேண்டுமானால் வக்கீலைப் பிடித்து ஏற்பாடு செய்யவேண்டும். 1837இல் பெரும் சொத்துக்கு வாரிசான ஏஞ்செலா பர்டெட்-கூட்ஸ் நாற்பது வருடத்துக்கும் மேல் தனியாகவே இருந்து, தன் விருப்பப்படி கொடுத்தார். 1871இல் யாருடைய மனைவியாகவும் இல்லாமல், தன் சொந்தப் பெயரிலேயே பிரபுப் பட்டம் கிடைத்தது. 66 வயதில், வெளிநாட்டில் பிறந்த, 29 வயதான தன் செயலாளரைத் திருமணம் செய்தார். அவருக்குச் சொத்து வந்த உயிலிலோ, வெளிநாட்டவரை மணந்தால் பங்கு பறிபோகும் என்று ஒரு நிபந்தனை. வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு அக்காவுக்குப் போய்விட்டது. ஒரு பெண்ணிடம் பணம் வரும்போது கூடவே எத்தனை கயிறுகள் வந்தன பாருங்கள்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கையிலிருக்கும் பணத்தில் அந்தக் கயிறுகள் இல்லை. பாதி நீங்களே சம்பாதித்தது. பெண்களின் கொடை இன்று பெருகியிருப்பதற்கு முதல் காரணமும் அதுதான். படிப்பு, சம்பளம், சொத்துரிமை, ஆண்களைவிட நீண்ட ஆயுள் எல்லாம் சேர்ந்து பெண்ணின் கைக்குப் பணத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் 2019இல் விவாகரத்துக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கி, 2024 முடிவதற்குள் 1,900 கோடி டாலருக்கு மேல், இரண்டாயிரத்துக்கும் அதிகமான அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டார். ரூத் காட்ஸ்மன் என்ற பேராசிரியை, கணவர் விட்டுச்சென்ற பங்குகளிலிருந்து 100 கோடி டாலரை நியூயார்க்கில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு 2024இல் கொடுத்தார். அங்கே படிப்பவர்களுக்கு இனிக் கட்டணமே இல்லை. அப்போது அவருக்கு வயது 93. கல்லூரிக்குத் தன் பெயரை வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

இவர்களெல்லாம் மலை. நமக்கு உபயோகமான ஆள் வேறு.

ஒசியோலா மெக்கார்ட்டி, மிசிசிப்பி மாநிலத்தில் துணி துவைத்துப் பிழைத்த பெண். நோயில் விழுந்த உறவினரைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். எழுபது வருடத்துக்கும் மேல் அடுத்தவர் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு, கிடைத்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் போட்டார். 1995இல் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு, மாணவர் உதவித்தொகைக்காக 1,50,000 டாலர் எழுதி வைத்தார். தொகையைவிட அவர் அதைப் பிரித்த விதம்தான் எனக்கு முக்கியம். சதவீதக் கணக்கு புரியட்டும் என்று மேஜையில் பத்து நாணயங்களை வைத்தார்கள். ஒரு நாணயம் பத்து சதவீதம். தேவாலயத்துக்கு ஒன்றை நகர்த்தினார். உறவினர் மூவருக்கு ஆளுக்கு ஒன்று. மிச்சம் ஆறையும் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளிவிட்டார். தன் காலம் வரைக்கும் தனக்கு வேண்டியது வரும்படியும், பல்கலைக்கழகத்தின் பங்கு பிறகு போய்ச்சேரும்படியும் ஏற்பாடு.

என்னிடம் வரும் எல்லோரையும் இந்த நாணய வேலையைச் செய்யவைக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவர்களும் தடுமாறுவார்கள். நீங்களும் இன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து செய்யுங்கள். ஆனால் முதலில் மேஜைக்கு வரக்கூடாத பணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும்: உங்கள் வாழ்க்கைச் செலவு, வைத்தியம், நடமாட முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், விலைவாசி ஏற்றம். தொண்ணூற்றைந்து வயது வரை இருப்பீர்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பெண்கள் இதில்தான் தாராளமாகத் தப்பு செய்கிறார்கள், தங்கள் வைத்தியச் செலவைக் கடைசியில் எழுதுவார்கள். அது போக நிற்பதுதான் பத்து நாணயம். அதில் பிள்ளைகளுக்கு எத்தனை, பேரக்குழந்தைகளுக்கு எத்தனை, நீங்கள் ஃபீஸ் கட்டுகிற அந்தப் பிள்ளைக்கு எத்தனை, வெளியே எத்தனை என்று கையால் நகர்த்துங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாணயம் வையுங்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தெரிந்தவருக்குக் கொடுப்பதும் கொடைதான். கணக்கில்லாமல் கொடுப்பதால்தான் அது கடைசியில் மனக்கசப்பாகிறது.

இப்போது உங்கள் மகன். அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அப்பாவை இழந்த பிள்ளை, அம்மாவை யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். "அவசரப்படாதீங்க" என்பதில் பாதி நியாயம் உண்டு. துக்கத்தின் முதல் வருடத்தில் பெரிய தொகை எதையும் நகர்த்தாதீர்கள் என்று நானும் சொல்வேன், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். "அப்பா சேர்த்தது" என்பதில்தான் எனக்குப் பேச்சு உண்டு. நீங்களும் சம்பளம் வாங்கினீர்கள், வீட்டையும் நடத்தினீர்கள், அவர் சேர்க்க முடிந்தது அதனால்தான். இதை மகனிடம் வாதமாக வைக்காதீர்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் வீட்டில் கசக்கும். காகிதத்தில் வையுங்கள்.

எப்படி என்றால், உங்கள் பணத்தை மூன்று குவியலாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருப்பது, கணவரோடு கூட்டாக இருந்தது, அவர் பெயரில் இருந்து வந்தது. மூன்றாவதில் பிள்ளைகளுக்கும் சட்டப்படி பங்கு இருக்கலாம். உயில் இருக்கிறதா இல்லையா, எந்த நாட்டில் எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது அது. வங்கியில் நாமினியாக உங்கள் பெயர் இருப்பதாலேயே முழுவதும் உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பிக்கிறவர்தான். இதை ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அதுவரை முதல் குவியலிலிருந்து மட்டும் கொடுங்கள். உங்கள் ஓய்வூதியத்திலிருந்து நீங்கள் கொடுப்பதை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மகனுக்குத் தெரியாமலும் செய்யவேண்டாம். கேட்பது வேறு, சொல்வது வேறு. நீங்கள் சொல்லுங்கள், கொடுப்பதற்கு முன்பே, தொகையோடு. நிறுவனத்தைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டும் போங்கள். சந்தேகப்படுகிற பிள்ளைதான் கணக்கை நன்றாகப் பார்ப்பான்.

ஏமாற்றத்துக்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு ஆடிட்டர் வேண்டியதில்லை. பதிவுச் சான்று, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, நிர்வாகக் குழுவில் யார் யார் என்ற பட்டியல், இவற்றைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். குழுவில் எல்லோரும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகவேண்டும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனி ஆள் கணக்குக்கு வேண்டாம். "இன்றைக்குள் கட்டினால்தான்" என்று போனில் அவசரப்படுத்தினால் வைத்துவிடுங்கள். அப்புறம், விழா நாளில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். "போன வருடம் எது சரியாக நடக்கவில்லை?" என்று கேளுங்கள். "எல்லாம் நன்றாகத்தான் போச்சு" என்பவரைவிட, "ஆறு பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் என்று இன்னும் தேடுகிறோம்" என்பவரிடம் என் பணத்தைத் தைரியமாகக் கொடுப்பேன்.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நிம்மதி: நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்? இந்தக் கேள்வி நல்ல நிறுவனங்களைக் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கான ஒரு விடுதி. அங்கே பிள்ளைகளோடு பேச ஒரு மனநல ஆலோசகர் இருந்தார். அவர் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், கணக்கெழுதியவர் "நிர்வாகம்" என்ற வரியில் போட்டுவிட்டார். சதவீதம் ஏறிவிட்டது. நன்கொடை தருபவர் ஒருவர் முகம் சுளித்தார், வேறொருவர் நிறுத்தினார். மறு வருடம் சதவீதம் அழகாக இறங்கியிருந்தது. ஆலோசகர் இல்லை. அதற்கடுத்த வருட வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்ட வரிகள் கூடியிருந்தன. அந்தப் பதிவேட்டை மூடி வைத்த நாளிலிருந்து நான் யாரையும் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்க்கவிடுவதில்லை. ஆள் இல்லாமல் எந்த வேலை நடக்கும்? பார்க்கவேண்டிய இடம் வேறு: ஒரே ஒருவரின் பணத்தில் ஓடுகிறதா, வரவு நின்றால் எத்தனை மாதம் தாங்கும், ஊழியர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா.

மெக்கென்சி ஸ்காட்டின் தொகையைவிட அவர் முறை பேசப்படுவது இதனால்தான். நன்றாக விசாரிப்பார், பிறகு இதற்குத்தான் செலவழிக்கவேண்டும் என்ற நிபந்தனையில்லாமல் கொடுத்துவிடுவார். ஒரு வருடம் ஒரு பெரிய தொகை கொடுப்பதைவிட, அதையே மூன்று வருடத்துக்குப் பிரித்து, "உங்களுக்கு எது அவசியமோ அதற்கு" என்று எழுதிக் கொடுங்கள். ஆலோசகரை வேலைக்கு வைக்கிற தைரியம் அவர்களுக்கு அப்போதுதான் வரும். ஃபேன் வாங்கிக்கொடுத்து அதன் இறக்கையில் பெயர் எழுதுகிற வழக்கம் நமக்கு வேண்டாமே.

கூட்டாகவா தனியாகவா என்றால், இரண்டும். உங்கள் பெரிய பங்கைத் தனியாகக் கொடுங்கள், சின்னப் பங்கைத் தோழிகளோடு போடுங்கள். பெண்கள் கூடிக் கொடுப்பது இப்போது ஒரு பெரிய இயக்கமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 2017க்கும் 2023க்கும் இடையில் இப்படிப்பட்ட சுமார் 4,000 குழுக்கள் 310 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன, அவற்றில் இருப்பவர்களில் பெண்களே அதிகம். 2001இல் சின்சினாட்டியில் வெண்டி ஸ்டீல் தொடங்கிய இம்பேக்ட் 100 இதற்கு நல்ல மாதிரி: நூறு பெண்கள், ஆளுக்கு ஆயிரம் டாலர், ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு லட்சமும் ஒரே அமைப்புக்கு. ஆயிரத்தைத் தனியாகக் கொடுத்தால் நன்றிக் கடிதம் வரும். ஒரு லட்சத்துக்கு அந்த அமைப்பு அடுத்த இரண்டு வருடத்தைத் திட்டமிடலாம்.

பணத்தைவிட எனக்கு அங்கே நடக்கும் பேச்சுதான் பிடிக்கும். ஒரு குழுவுக்குக் கணக்கு பார்க்கப் போயிருந்தேன். ஒரு பள்ளிக்குக் கணினி அறை அமைத்துத் தரலாமா என்று விவாதம். படம், விலைப் பட்டியல் எல்லாம் கச்சிதம். அதுவரை வாயே திறக்காமல் ஓரமாக இருந்த ஒரு அம்மா, "சாயங்காலம் கணினி வகுப்பு முடிஞ்சு பொண்ணுங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க?" என்றார். யாரிடமும் பதிலில்லை. விசாரித்தால், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கடைசியில் கணினியைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் ஒரு வேனுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் வேன் என்ற வார்த்தையே இல்லை.

உங்கள் 14 பேருக்குச் சில எச்சரிக்கைகள். தொகையை, குழுவில் யாருக்குக் கை இறுக்கமோ அவரால் முடிந்த அளவில் வையுங்கள், எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே ஓட்டு. கூடக் கொடுக்க விரும்புகிறவர் தனியாகக் கொடுத்துக்கொள்ளட்டும், அதற்காக இரண்டாவது ஓட்டு கிடையாது. உறவினர் நடத்தும் நிறுவனம் பட்டியலில் வந்தால் அந்த உறுப்பினர் வாக்களிக்கக்கூடாது, இதை முதல் நாளே எழுதிவிடுங்கள், பெயர் வந்த பிறகு எழுதினால் சண்டை. உற்சாகத்தில் உடனே அறக்கட்டளை பதிவு செய்யப் போகாதீர்கள். பதிவு செய்தால் வருடா வருடம் கணக்கு, தணிக்கை, அரசுக்குத் தாக்கல் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் வருமானம். முதல் இரண்டு வருடம் யார் கணக்கிலும் பணத்தைச் சேர்க்காமல், எங்கே கொடுப்பது என்று மட்டும் கூடி முடிவு செய்து, 14 பேரும் ஒரே நாளில் அவரவர் பெயரில் நேராக அனுப்புங்கள். 14 ரசீது வரட்டும், 14 பெயரில்.

பெண் குழந்தைகளின் படிப்பு என்ற உங்கள் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கொடையியல் நிறுவனம் வருடந்தோறும் கணக்கெடுக்கிறது. அங்கே மொத்த நன்கொடையில், பெண்களுக்காகவும் சிறுமிகளுக்காகவும் இயங்கும் அமைப்புகளுக்குப் போவது சுமார் இரண்டு சதவீதம்தான். ஆகவே உங்கள் பணம் கூட்டமில்லாத பக்கம் போகிறது. "படிப்பு" என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் நறுக்குங்கள். பள்ளியில் சேர்ப்பதா, பாதியில் நின்றவர்களைத் திரும்பக் கொண்டுவருவதா, கல்லூரி விடுதிச் செலவா? மூன்றும் மூன்று வேறு வேலை, மூன்றுக்கும் வேறு வேறு ஆட்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் அதில் நீங்களே விஷயம் தெரிந்தவர் ஆகிவிடுவீர்கள்.

பெயர் சொல்லியா, சொல்லாமலா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதை ஆண்கள் அவ்வளவாகக் கடைப்பிடித்ததாக என் கண்ணில் பட்ட கல்வெட்டுகள் சொல்லவில்லை. பெயரை மறைக்க நல்ல காரணங்கள் உண்டு: உறவுக்காரர் வரிசையில் நிற்பார்கள், பத்து நிறுவனங்கள் போன் செய்யும். சேஜ் அம்மாளுக்கு உதவி கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்து, அவற்றைப் பிரித்துப் படிக்கவே ஆள் வேண்டியிருந்தது. இந்தத் தொல்லைகளுக்காக மறைக்கிறீர்கள் என்றால் தாராளமாக மறையுங்கள். "நான் என்ன பெரிய ஆளா" என்ற கூச்சத்துக்காக மறைக்கிறீர்கள் என்றால் எனக்குச் சம்மதமில்லை. என்னிடம் முதல்முறையாக வரும் பெண்களில் பலர், "அவங்க கொடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன், நானும் கொடுக்கலாமான்னு தோணிச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சுவரில் கல் பதிக்கவேண்டாம். ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலில், உங்கள் பெயர் உங்கள் இனிஷியலோடு இருக்கட்டும். கணவர் நினைவாகக் கொடுக்க ஆசை என்றால் அதையும் செய்யலாம், "இன்னாரின் நினைவாக, இன்னார் வழங்கியது" என்று இரண்டு பெயரும் அச்சாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாவது பெயரை விட்டுவிடுவார்கள். புரூஃப் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உயிலையும் இந்த வருடமே எழுதிவிடுங்கள். நாணயங்களை நகர்த்தியதும் எத்தனை எந்தப் பக்கம் போயிற்று என்று ஒரு தாளில் குறித்து, தேதி போட்டு, உயிலோடு வையுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நாணயமாவது இடம் மாறியிருக்கும்.

தோழிகள் கூடி விதிகளை எழுதியதும் அதன் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து, சிக்கல் வரக்கூடிய இடங்களைப் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். உறையின் மேல் அனுப்புநர் பெயரை மறக்காமல் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் எழுதவில்லை நீங்கள்.